மூன்றில் இரண்டு பங்கு நோய்

தக்காளிச் செடியில் நோய் தெரிந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தாவர நோய்த் தடுப்பு இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. விதி வந்து பதினோரு வருடம் ஆகியும் அதன்படி யாரும் தெரிவித்ததாகப் பதிவு இல்லை. டீச்சர் தெரிவித்தார். ஒரு தொலைபேசி அழைப்பில் வம்பை வீட்டுக்குள் கூட்டிவந்தவர் என்று பிறகு அவருடைய கணவர் சொன்னார்.

டீச்சர் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தக்காளி போட வந்தவர். மொத்தம் நானூறு செடி. இயக்குநரகமே சான்றிதழ் கொடுத்த நோய் எதிர்ப்பு ரகம். வளையப்புள்ளி வைரஸ் அந்த ரகத்தை அண்டவே அண்டாது என்று விதைப் பாக்கெட்டின் மேல் முத்திரை போட்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால், இருபது முப்பது செடிகளில் இலைமேல் வளையம் வளையமாகப் பழுப்பு. குருத்து கருகியிருந்தது. காயில் அம்மைத் தழும்பு மாதிரி வட்டங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தனின் மிளகாய். மூவாயிரம் செடி, பூ எடுத்து நின்றது. பட்டறை வேலையை விட்டுவிட்டு அவன் நிலத்துக்கு வந்ததே டீச்சர் சொல்லித்தான். "சம்பளத்துக்கு எத்தனை நாள் இரும்பு அடிப்பே? பக்கத்துல நான் இருக்கேன், வா," என்று சொன்னவர் அவர்தான். அது அவருக்கு மறக்கவில்லை. அதனால்தான் உடனே போனை எடுத்தார்.

அன்று மாலையே கள ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ரகத்துக்கு நோய் வராதே டீச்சர்."

"வந்திருக்கே."

"வராதுன்னு நாங்கதான் சான்றிதழ் கொடுத்திருக்கோம்."

"அதை நம்பித்தான் நட்டேன்."

"அப்போ இது நோயா இருக்க வாய்ப்பில்ல," என்றார் ஆய்வாளர். "இருந்தாலும் சீல் வெச்சுடறேன்."

அவர் ஆறு இலைகளைப் பறித்து உறையில் போட்டுக்கொண்டார். வயலைச் சுற்றி மஞ்சள் நாடாவைக் கட்டினார். ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நோய் இன்னதென்று பெயரிட்டு அறிக்கை வரும்வரை ஒரு செடியையும் பிடுங்கவோ வெட்டவோ மருந்தடிக்கவோ கூடாது, மீறினால் மூன்று வருடத்துக்குச் சாகுபடி உரிமம் ரத்து என்று அதில் இருந்தது.

"எத்தனை நாள்ல பேர் வைப்பீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அது நோயைப் பொறுத்தது," என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வண்டியை உதைத்தார்.

மூன்று நாள் போனது. பழுப்பு வளையம் நூறு செடிக்குப் பரவியது. நான்காம் நாள் டீச்சர் பஸ் ஏறி இயக்குநரகத்துக்குப் போனார்.

அது இரண்டு மாடிக் கட்டடம். மேல்மாடியில் வளையப்புள்ளி வைரஸ் பிரிவு, கீழே வெண்கலக் கருகல் வைரஸ் பிரிவு. இரண்டு வைரசும் நெருங்கிய உறவு. இரண்டு பிரிவின் தலைவர்களும் அப்படித்தான். அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். மாமனார் வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாடிப்படி நடுவில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். இவர் கடிதத்தைப் போட்டால் அவருடைய ஆள் எடுத்துப்போவான்.

வளையத் தலைவர் டீச்சரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"உங்க இலைய நாங்க பரிசோதிச்சுட்டோம்மா. எங்க வைரசுக்குள்ள மூணு துண்டு இருக்கு. பெரிய துண்டு, நடுத்துண்டு, சின்னத் துண்டு. உங்க இலையில பெரிசும் சின்னதும் எங்களோடதுதான். நடுத்துண்டு எங்களோடது இல்ல."

"மூணுல ரெண்டு இருக்கே ஐயா."

"இருக்கலாம். ஆனா எங்க பிரிவுக்குன்னு ஒரு கொள்கை இருக்கு. முழு வைரஸ்தான் வைரஸ். துண்டு துக்கடாவுக்கெல்லாம் பொறுப்பேத்துக்கிட்டா ஊர்ல இருக்கிற நோயெல்லாம் எங்க தலையில விழும். நோய் கூடிப்போச்சுன்னா தடுப்பு சரியில்லன்னு ஆயிடும். போன வருஷம் எங்க பிரிவுல பதிவான நோய் எத்தனை தெரியுமா? பூஜ்யம். அதுக்கு எவ்வளவு உழைச்சிருக்கோம்னு நினைக்கிறீங்க?"

டீச்சர் கீழே இறங்கினார். வெண்கலத் தலைவர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"நடுத்துண்டு மட்டும்தான் எங்களோடது. மூணுல ஒண்ணு. எவ்வளவு வருது?"

"முப்பத்து மூணு சதவீதம்," என்றார் டீச்சர், பழக்கதோஷத்தில்.

"நீங்க எத்தனை மார்க்குக்குப் பாஸ் போடுவீங்க?"

"முப்பத்தஞ்சு."

"பார்த்தீங்களா? நீங்களே ஃபெயில் பண்ணிட்டீங்க," என்று அவர் கோப்பை மூடினார்.

டீச்சர் எழுந்தார். வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவருடைய இலைகளைப் பரிசோதித்த ஆய்வகப் பெண் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பிரிவுக்கும் ஆய்வகம் ஒன்றுதான், ஆளும் அவள் ஒருத்திதான்.

"மேடம், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஒரே தெருவுல ரெண்டு குடும்பம் ஒரே நாள்ல வீடு மாத்தறாங்க, ரெண்டு வீட்டுச் சாமானையும் ஒரே லாரில ஏத்திடறாங்கன்னு வெச்சுக்குங்க. இறக்கும்போது இவங்க கட்டிலும் பீரோவும், நடுவுல அவங்க வீட்டு அடுப்பும்னு கலந்து ஒரு குடித்தனம் ஆயிடும் இல்லையா? அதுமாதிரிதான். எங்கயோ ஒரு செடிக்குள்ள ரெண்டு வைரசும் ஒரே நேரத்துல புகுந்திருக்கு. உள்ள துண்டுங்க கலந்து புது வைரசா வெளிய வந்திருக்கு."

"என் ரகத்துக்கு எதிர்ப்பு இருக்குன்னாங்களே?"

"இருக்கு. ஆனா உங்க செடி நடுத்துண்டைப் பார்த்துதான் ஆளை அடையாளம் பிடிக்கும். நடுத்துண்டு வேற ஆளோடதா இருக்கவே, தெரிஞ்சவங்க இல்லன்னு விட்டுடுச்சு. வெண்கல வைரஸ் தனியா வந்தா தக்காளிய ஒண்ணும் பெரிசா பண்ணாது. இது ரெண்டோட கெட்டதையும் எடுத்துக்கிட்டிருக்கு." அவள் குரலைத் தணித்தாள். "உங்க இலைச் சாறை மிளகாயிலயும் தடவிப் பார்த்தேன். பிடிக்குது."

டீச்சருக்கு வேலிக்கு அந்தப் பக்கத்து மூவாயிரம் செடி நினைவுக்கு வந்தது.

"இன்னொண்ணு. உங்க இலையில இலைப்பேன் குஞ்சு இருந்துச்சு. இப்பதான் பொரிச்சது. குஞ்சா இருக்கறப்போ நோய்ச்செடியத் தின்னுச்சுன்னா, றெக்கை முளைச்சப்புறம் சாகற வரைக்கும் போற இடமெல்லாம் பரப்பும். இன்னும் ஆறு நாள் செடிமேல இருக்கும். அப்புறம் மண்ணுல இறங்கி, றெக்கையோட வெளிய வரும். இறங்கறதுக்குள்ள செடிய எடுத்துடணும். ஆனா சும்மா பிடுங்கி ஆட்டிடாதீங்க. மருந்தடிச்சு, பையப் போட்டு மூடி, அப்புறம்தான் வேரோட எடுக்கணும். மண்ணு மேல பிளாஸ்டிக் தாள் விரிச்சுடணும்."

"சீல் வெச்சிருக்காங்களேம்மா."

அந்தப் பெண் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "அதுக்கு என்கிட்ட பரிசோதனை இல்ல மேடம்," என்றாள்.

அன்றே டீச்சர் இயக்குநருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மனுவுக்குப் பலன் இருந்தது. ஏழாம் நாள், டீச்சரையும் அழைத்து, கூட்டு ஆய்வுக் கூட்டம் கூடியது. ஆறு வருடத்தில் சகலைகள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அன்றுதான் என்பதால் முதலில் எல்லோரும் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது, யார் எந்தப் பக்கம் நிற்பது என்பதில்.

பிறகு வளையத் தலைவர் ஆய்வகப் பெண்ணைப் பார்த்து, "நடுத்துண்டு யாரோடதோ அவங்கதான் நோய்க்குப் பொறுப்புன்னு அவர்கிட்டச் சொல்லும்மா," என்றார்.

வெண்கலத் தலைவரும் அவளைப் பார்த்தே, "மெஜாரிட்டி யாருக்கோ அவங்க வீட்டுப் பிள்ளைன்னு அவர்கிட்டச் சொல்லும்மா," என்றார்.

இருவருக்கும் நடுவில் மூன்றடி இடைவெளி இருந்தது. அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

டீச்சர் எழுந்தார். வளையம் இப்போது இருநூறு செடியில் இருப்பதையும், குஞ்சுகள் மண்ணில் இறங்க மூன்று நாள்தான் இருப்பதையும், வேலிக்கு அப்பால் மூவாயிரம் மிளகாய்ச் செடி நிற்பதையும் சொன்னார். பலகையில் எழுதிக் காட்டவும் செய்தார். பிடுங்க அனுமதி கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீச்சரின் அக்கறையைப் பாராட்டுகிறேன். ஆனால் இந்த இயக்குநரகம் எதையும் அவசரப்பட்டுச் செய்வதில்லை. நோய் அவசரப்படலாம். நாம் அவசரப்படக் கூடாது. நோய்க்கும் நமக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். பெயர் இல்லாத நோய்க்கு அழிப்பாணை போட விதியில் இடமில்லை. பெயர் வைக்க ஒரு துணைக்குழு அமைக்கிறேன். அதுவரை அந்த வயல் ஓர் அரிய சான்று. சான்று வாடக் கூடாது. தினமும் தண்ணீர் விட வேண்டும், உரம் வைக்க வேண்டும். வாடினால் டீச்சர் பொறுப்பு."

"பூச்சி, ஐயா?"

"பூச்சி நம் துறையில் வராது. பூச்சியியல் இயக்குநரகத்துக்குத் தனியாக எழுதுங்கள்."

ஆக, எட்டாம் நாள் காலையில் டீச்சர் நோய்ச்செடிகளுக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தார். கள ஆய்வாளர் பத்து மணிக்கு வந்து, ஒவ்வொரு செடியும் நலமாக இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போனார். குருத்து கருகிய செடிகளுக்கு எதிரே, 'நிலைமை திருப்தி' என்று எழுதினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் வேலியைத் தாண்டி வந்தான். கையில் மண்வெட்டி. முகத்தில் தூக்கம் இல்லை.

"அண்ணி, நகருங்க."

"வேண்டாம்."

"நோவு பிடிச்ச செடிக்கு உரம் வெக்கிறீங்க. என் செடி பூவோட நிக்குது. நான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?"

"நீ வெட்டினா பூச்சி கலைஞ்சு நேரா உன் வயலுக்குத்தான் வரும். மண்வெட்டியக் கீழ போடு."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? உங்க பேச்சைக் கேட்டுத்தான் வேலையை விட்டேன். இப்பவும் உங்க பேச்சைத்தான் கேட்டு நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணி."

அவன் மண்வெட்டியைப் போடவில்லை. டீச்சரும் நகரவில்லை. வாழ்நாளில் அவர் ஒரு விதியையும் மீறியதில்லை. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூட வகுப்பை விட்டதில்லை. மூன்று வருடம் உரிமம் போனால், திரும்பிப் போகப் பள்ளிக்கூட வேலையும் இல்லை. அவர் சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து ஓர் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெளிர்மஞ்சள் குஞ்சுகள் இன்னும் அங்கேயே ஊர்ந்துகொண்டிருந்தன. ஆனால் முன்னைவிடப் பெருத்திருந்தன. இரண்டொன்று காம்பு வழியாகக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தன.

"நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வா," என்றார். "மண்வெட்டி வேண்டாம். உன் பொண்டாட்டியக் கூட்டிட்டு வா. நானூறு பை வேணும், பெரிய பையா."

கணவர் பஸ் ஓட்டுகிறவர். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை. "இதை முதல் நாளே செஞ்சிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

நான்கு பேர், ஒரு செடிக்கு மூன்று நிமிடம், நானூறு செடி. ஐந்து மணி நேரம் என்று டீச்சர் கணக்குப் போட்டிருந்தார். ஐந்தரைக்குத் தொடங்கினால் பத்தரைக்கு முடியும். ஆய்வாளர் வருவது பத்துக்கு. அந்த அரைமணி நேரத்துக்கு அவரிடம் விடை இல்லை.

முந்தின மாலையே மருந்தடித்தாயிற்று. வெளிச்சம் வரும்போதே நாடாவை அவிழ்த்தார்கள். பையைத் தலைவழியாகக் கவிழ்த்து, அடியில் இறுக்கிக் கட்டி, அலுங்காமல் வேரோடு எடுப்பது. ஒரு செடி கொழுந்தன் கையில் முறிந்து ஆடியபோது நால்வரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காற்று வேலிப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. "பாத்து," என்றார் டீச்சர். அவ்வளவுதான். மறுபடி குனிந்தார்கள். பையில் கட்டியவற்றைக் கணவர் குழிக்குக் கொண்டுபோனார். வெறுமையான பாத்தியின்மேல் கொழுந்தனின் மனைவி பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொண்டே வந்தாள்.

எட்டே முக்காலுக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

இருநூற்று அறுபது செடி எடுத்தாயிற்று. நூற்று நாற்பது பாக்கி. டீச்சர் கையில் பையோடு நிமிர்ந்தார். கள ஆய்வாளர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவிழ்ந்து கிடந்த நாடாவைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், பிறகு வேலிக்கு அப்பால் மிளகாய்ப் பூக்களைப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார்.

"தப்புதான்," என்றார் டீச்சர். "எழுதிக்குங்க. ஆனா முடிச்சுட்டு வந்து கையெழுத்துப் போடறேன்."

ஆய்வாளர் பேனாவை மூடினார்.

"நான் பத்து மணிக்கு வரணும்னுதான் உத்தரவு. இப்ப எட்டே முக்கால். அதனால நான் இன்னும் வரல," என்றார். வண்டியைத் திருப்பியவர் ஒரு காலை ஊன்றி நின்றார். "டயரும் பஞ்சராகிற மாதிரி இருக்கு. பதினொண்ணு ஆயிடும்."

பத்தரைக்கு முடிந்தது. பதினோரு மணிக்கு வந்த ஆய்வாளர், 'சான்று காணப்படவில்லை' என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு ஓலை வந்தது. அதற்குள் இயக்குநரகத்தில் காற்று மாறியிருந்தது. இப்படியொரு கலவை வைரஸ் அதுவரை பதிவானதே இல்லையென்றும், கண்டுபிடித்த பிரிவுக்குத் தனிக் கட்டடம் கிடைக்கலாமென்றும் யாரோ சொல்லியிருந்தார்கள். யாருக்கும் வேண்டாமல் இருந்த நோய்க்கு இப்போது இரண்டு தகப்பன்கள்.

டீச்சரை நடுவில் உட்காரவைத்தார்கள். உரிமத்தை ரத்து செய்யும் ஆணை தட்டச்சாகி, கையெழுத்துக்குத் தயாராக மேசைமேல் இருந்தது. அதில் 'இன்ன நோயின் சான்றை அழித்த குற்றத்துக்காக' என்ற இடத்தில் மட்டும் வெற்றிடம்.

"வளைய நோயின் சான்றுன்னு எழுதுங்க," என்றார் வளையத் தலைவர். "மூணுல ரெண்டு பங்கு எங்களோடது. முதல் நாள்லேர்ந்தே எங்களுக்குத் தெரியும்."

"ரெண்டு பங்கு இருந்து என்ன பிரயோஜனம்?" என்றார் வெண்கலத் தலைவர். ஆத்திரத்தில் நேராகவே பேசிவிட்டார். "எதிர்ப்பு ரகத்தையே ஏமாத்தி உள்ள போனது எங்க நடுத்துண்டுங்க. அந்தத் திறமை யாரோடது? நானூறு செடியச் சாய்ச்சது நாங்க."

"நாங்க இல்லாம உங்க துண்டு ஒரு செடியவாவது சாய்ச்சிருக்குமா? தக்காளிக்குள்ள பெருகவே தெரியாதே உங்க ஆளுக்கு."

"பாகம் பிரிக்கும்போதும் இப்படித்தானே பேசினீங்க, மாடி உங்களோடதுன்னு."

இயக்குநர் மேசையைத் தட்டினார். டீச்சரைப் பார்த்து, "நீங்கள் எந்த நோயை அழித்தீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்," என்றார்.

"தெரியலையே ஐயா," என்றார் டீச்சர். "பேர் வெச்சு அறிக்கை அனுப்பறதா சொன்னீங்க. இன்னும் வரல."

இயக்குநர் ஆணையை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெயர் இல்லாத நோய்க்கு அழிப்பாணை போட முடியாதது போலவே தண்டனை ஆணையும் போட முடியாது என்று அவருக்கு விளங்கியது. அதை அவர் ஒரு சாதனையாகவே அறிவித்தார்.

"இந்த இயக்குநரகம் விதிக்கு உட்பட்டு நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கோப்பு நிலுவையில் இருக்கட்டும். இனிக் கலப்பு நோய்களுக்கென மூன்றாவது பிரிவு ஒன்று தொடங்கப்படும். அறையும் குமாஸ்தாக்களும் வளையப் பிரிவிலிருந்து, தலைமை வெண்கலப் பிரிவிலிருந்து. இரண்டு பிரிவின் அனுபவமும் ஒன்று சேரும்."

வாசல்வரை வந்த ஆய்வகப் பெண், "ரெண்டு பங்கு அங்கேர்ந்து, ஒரு பங்கு இங்கேர்ந்து மேடம்," என்றாள். "இதுக்கு எதிர்ப்பு ரகம் கிடையாது." அவள் சிரிக்கவில்லை. புதுப் பிரிவின் ஆய்வக வேலையும் அவளுக்குத்தான் வந்திருந்தது.

கொழுந்தனின் வயலில், வேலியோரமாகப் பத்தொன்பது மிளகாய்ச் செடியில் வளையம் தெரிந்தது. அவன் யாருக்கும் போன் செய்யவில்லை. அண்ணியைத்தான் கூப்பிட்டான். பையைப் போட்டு எடுத்தார்கள். இருபதாவது செடி எங்காவது நிற்கிறதா என்று இரண்டு வாரம் தினமும் காலையில் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார்கள். கண்ணில் படவில்லை. மற்றவை காய்க்கத் தொடங்கின. அக்கம்பக்கத்தில் விஷயம் பரவி, இலையில் சந்தேகம் வந்தவர்கள் ஒவ்வொருவராக டீச்சரிடம் வந்தார்கள். இயக்குநரகத்துக்கு அந்த வட்டாரத்திலிருந்து அதற்குப் பிறகு ஒரு அழைப்பும் போகவில்லை. ஆண்டறிக்கையில் மூன்று பிரிவிலும் நோய் பூஜ்யம் என்று வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கள ஆய்வாளர் வந்தார். சீருடை இல்லை. கையில் செய்தித்தாளில் பொதிந்த ஒரு இலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றார்.

"வீட்டுக்குப் பின்னாடி மாமியார் இருபது தக்காளிச் செடி வெச்சிருக்காங்க. இதைக் கொஞ்சம் பாருங்க டீச்சர்."

டீச்சர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வளையம் பளிச்சென்று தெரிந்தது.

"ஆபீஸ்ல காட்டலையா?"

ஆய்வாளர் தெருவைப் பார்த்தார்.

"காட்டினா வந்து சீல் வெச்சுடுவாங்களே."

"யாரு வருவாங்க?"

"நான்தான்," என்றார் அவர்.

டீச்சர் உள்ளே போய் மருந்து தெளிப்பானையும் இருபது பையையும் எடுத்துக்கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"மெதுவாப் போங்க," என்றார். "ஆனா நிக்காமப் போங்க."